கிளைமொழியா, தனிமொழியா?
சாலைக் கடைத்தெருவில் எழுந்த ஒரு சௌராஷ்டிரக் கேள்வி

திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்குச் சாலைக் கடைத்தெருவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திவான் ராஜா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த சந்தை அது. கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நடந்தால் காதில் விழும் மொழிகளுக்குக் கணக்கில்லை. தமிழ், மலையாளம், இரண்டும் கலந்து பிறந்த நம் சாலைத் தமிழ், இப்போது சுமட்டுத் தொழிலாளர் பேசும் இந்தி, வங்காளி எல்லாம் உண்டு. ஆனால் வாடிக்கையாளர் காதில் விழாத ஒரு மொழியும் அங்கே இருக்கிறது. அது கல்லாவுக்குப் பின்னால், வீட்டாருக்குள் மட்டும் பேசப்படுகிற மொழி.

என் நண்பர் ஒருவர் சாலையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அவருடைய பாட்டனார் நெல்லைச் சீமை வீரவநல்லூரிலிருந்து கைத்தறி வேட்டி, சேலை மூட்டைகளோடு இங்கே வந்தவர். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1981-இல்தான். ஆகவே அவர் செங்கோட்டை மலைப்பாதையில் கொல்லம் போய், அங்கிருந்து மீட்டர் கேஜ் வண்டியில் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தாராம். கடையில் தமிழும் மலையாளமும் பேசும் அந்தக் குடும்பம் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி விவரங்கள் 2018-இல் வெளிவந்தன. ஒருநாள் மாலை கடைக்குப் போனபோது நண்பர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவருடைய மகள் கம்ப்யூட்டரிலிருந்து அச்செடுத்துக் கொடுத்தது.

"கணக்கெடுக்க வந்த பையன்கிட்ட தாய்மொழி சௌராஷ்டிரம்னு சொன்னேன். அவனும் சரியாத்தான் எழுதிக்கிட்டான். ஆனா எங்க கொண்டுபோய் வச்சிருக்காங்கன்னு பாருங்க, இன்ஜினீயர் சார்."

பார்த்தேன். 'குஜராத்தி' என்ற தலைப்பின் கீழே 5,54,92,554 பேர். அந்தத் தலைப்புக்குள் அடங்கிய வரிகளில் ஒன்று: சௌராஷ்டிரம், 2,47,702.

"இதிலே என்ன அண்ணாச்சி? உங்க மொழி குஜராத்தியோட கிளைதானே?" என்றேன் நான்.

அவர் கோபப்படவில்லை. எதிர்க்கடையைக் காட்டினார். "அந்த வாசலில் போய் நின்னு, 'மலையாளம் தமிழோட கிளைதானே'ன்னு ஒருதரம் சொல்லிட்டு வாங்க சார். அவர் உங்களுக்கு என்ன பதில் சொல்றாரோ, அதுதான் என் பதிலும்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த வாக்கியத்தை நான் இந்த ஊரில் பலமுறை, பல மலையாள நண்பர்களிடம் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். அன்று தொடங்கி, கிடைத்த நூல்களைப் படித்தும் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

யார் இவர்கள்?

பழைய ஆவணங்களில் 'பட்டுநூல்காரர்' என்று குறிக்கப்படும் நெசவுச் சமூகத்தாரே சௌராஷ்டிரர். மத்தியப் பிரதேசத்தில் மந்தசோர் என்ற ஊரில் கிடைத்த 5-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, குஜராத்தின் லாட நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த பட்டு நெசவாளர்கள் கி.பி. 437-இல் சூரியனுக்குக் கோயில் எழுப்பியதைச் சொல்கிறது. அந்த நெசவாளர்களைத் தங்கள் முன்னோர் என்று சௌராஷ்டிரர் கருதுகிறார்கள். பின்னர் தேவகிரி, விஜயநகரம் வழியாகத் தெற்கே இறங்கி, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைபெற்றார்கள். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்றும் அம்மொழியைக் கேட்கலாம். பரமக்குடி, திண்டுக்கல், கும்பகோணம், தஞ்சாவூர், சேலம், பாளையங்கோட்டை, வீரவநல்லூர் என்று தறிச் சத்தம் கேட்ட ஊர்களில் எல்லாம் அவர்கள் இருக்கிறார்கள்.

தமிழுக்கு அவர்கள் அளித்தது கொஞ்சமன்று. தமிழ் உச்சரிப்புக்கு இலக்கணமாக நாம் எடுத்துக்காட்டும் டி. எம். சௌந்தரராஜன் (1922–2013) வீட்டில் பேசிய மொழி சௌராஷ்டிரம். 'காதுகள்' நாவலுக்காக 1993-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற கும்பகோணம் எம். வி. வெங்கட்ராமும் சௌராஷ்டிரரே. 'வேள்வித் தீ' என்ற நாவலில் தம் சமூகத்து நெசவாளர் வாழ்க்கையை எழுதியவர். மதுரையில் வாழ்ந்த நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) சௌராஷ்டிர மொழியிலேயே பக்திப் பாடல்கள் இயற்றினார். திருக்குறளும் சங்குராம் என்பவரால் சௌராஷ்டிரத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது.

கிளை என்பவர்கள் சொல்வது

சௌராஷ்டிரத்தைக் குஜராத்தியின் கீழே வைத்தது இன்றைய அதிகாரிகள் கண்டுபிடித்த வழி அல்ல. ஜார்ஜ் கிரியர்சன் நடத்திய இந்திய மொழிகள் ஆய்வில், 1908-இல் வந்த 9-ஆம் தொகுதியின் 2-ஆம் பகுதியிலேயே 'பட்டுநூலி' குஜராத்தியின் வழக்குகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. காரணம் இல்லாமலும் இல்லை. சொற்களின் வேர் வடமொழிக் குடும்பம். சமூகத்தின் பெயரே குஜராத்தின் ஒரு பகுதியின் பெயர். தண்ணீருக்குப் பானி, சோற்றுக்குப் பாத் என்று கேட்டால் யாருக்கும் வடக்கேதான் நினைவு போகும்.

ஆனால் பெயரிலும் வேரிலும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. குஜராத்தியில் இரண்டு என்ற எண்ணுக்குப் 'பே' என்பார்கள். சௌராஷ்டிரத்தில் அது 'தி'. குஜராத்தியில் இல்லாத குறில் எகரமும் ஒகரமும் சௌராஷ்டிரத்தில் உண்டு. ந, ம, ர, ல ஆகிய எழுத்துகளை மூச்சு அழுத்தத்தோடு ஒலிக்கும் ந்ஹ, ம்ஹ, ர்ஹ, ல்ஹ என்ற ஒலிகள் அதற்கு உண்டு. இவற்றை எழுதுவதற்கென்றே அதன் எழுத்துமுறையில் 'ஹாரு' என்று தனியாக ஒரு குறி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு செய்தி என்னை வியக்க வைத்தது. பிரபோத் பண்டிட் என்ற குஜராத்தி மொழியியல் அறிஞர் சௌராஷ்டிரத்தையும் தமிழையும் ஒப்பிட்டு 1972-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சொற்கள் வடக்கத்தியவை, ஆனால் வாக்கியம் கட்டும் முறை பெரிதும் தமிழோடு ஒத்துப்போகிறது என்பதை அதில் எடுத்துக் காட்டினார். 'எந்தப் பையன் வந்தானோ அந்தப் பையன்' என்று வளைத்துச் சொல்லும் வடநாட்டு வழக்கத்தை விட்டு, 'வந்த பையன்' என்ற நம் வழிக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். பல நூற்றாண்டுகள் தமிழரோடு வாழ்ந்து இரு மொழியும் பேசியதன் விளைவு இது. பாவும் ஊடும் வேறு வேறு நூலானால் நெய்த துணியை எந்த நூலின் பெயரால் அழைப்பது?

இதில் காலக் கணக்கும் ஒன்று உண்டு. இன்று நாம் குஜராத்தி என்று சொல்கிற மொழி இந்த உருவம் பெறுவதற்கு முன்பே சௌராஷ்டிரரின் முன்னோர் அங்கிருந்து கிளம்பிவிட்டார்கள். அப்படியானால் ஒன்று மற்றொன்றின் கிளை என்பதைவிட, இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதே பொருத்தம். ஒரு பிள்ளைக்கு ராஜ்யம் கிடைத்தது, மற்றொரு பிள்ளைக்குத் தறி கிடைத்தது.

அளவுகோல் எங்கே?

நான் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன். எங்கள் தொழிலில் சந்தேகம் வந்தால் அளவுகோலை வைத்துவிடுவோம். 1676 மில்லிமீட்டர் என்றால் அகலப்பாதை, 1000 என்றால் மீட்டர் பாதை. யாரும் வாதம் செய்ய முடியாது. மொழிக்கும் அப்படி ஒரு கோல் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

'ஒருவர் பேசினால் மற்றவருக்குப் புரிகிறதா' என்பதைக் கோலாகச் சொல்வதுண்டு. ஆனால் அதை வைத்து அளந்தால் நம் வீட்டிலேயே இடிக்கிறது. யாழ்ப்பாணத்து மூதாட்டி வேகமாகப் பேசினால் சென்னைவாசி பாதிதான் புரிந்துகொள்வார். ஆயினும் இரண்டும் தமிழ் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. மதுரைச் சௌராஷ்டிரரும் ராஜ்கோட்டுக் குஜராத்தியரும் தத்தம் மொழியில் பேசினால் உரையாடல் நடக்காது. ஆயினும் அட்டவணையில் இரண்டும் ஒன்று.

உலகெங்கும் இதே கதைதான். துருக்கி மொழிக் குடும்பத்தில் இரண்டு உதாரணம் சொல்கிறேன். மால்டோவா நாட்டில் ககாவுஸ் என்ற மொழி பேசப்படுகிறது. துருக்கி நாட்டவர் அதைப் பெருமளவு புரிந்துகொள்வார்கள். என்றாலும் 1994-இல் அந்த மக்களுக்குத் தன்னாட்சிப் பகுதி அமைந்து, அவர்கள் மொழி அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்றாகிவிட்டது. இதற்கு நேர்மாறாக, ஈரானில் தெஹ்ரானுக்குத் தென்மேற்கே சில கிராமங்களில் பேசப்படும் கலஜ் என்ற சிறு மொழி அஜர்பைஜானியின் வட்டார வழக்கு என்றே வெகுகாலம் கருதப்பட்டு வந்தது. 1968-இல் அங்கே ஆய்வுக்குப் போன குழுவைச் சேர்ந்த கெர்ஹார்ட் டோர்ஃபர் என்ற ஜெர்மானிய அறிஞர், அது தனிக்கிளை என்றும் மிகப் பழைய கூறுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்றும் எடுத்துக் காட்டினார். காலுக்கு இன்றைய துருக்கியில் 'அயக்', பழங்காலத் துருக்கியில் 'அதக்', கலஜ் மொழியிலோ 'ஹதக்'. பெரிய மொழிகள் தொலைத்துவிட்ட பழைய ஒலி இந்தச் சிறு மொழியின் நாவில் தங்கியிருக்கிறது. அதைத்தான் வட்டார வழக்கு என்று தள்ளி வைத்திருந்தார்கள். இப்போது அக்கிராமங்களின் இளைஞர்கள் பாரசீகத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் ரயில்வேயில் எது மெயின் லைன், எது கிளைப்பாதை என்பதைத் தண்டவாளத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் அதே இரும்பு, அதே கட்டைதான். அலுவலகத்தில் போடும் அட்டவணைதான் அதைத் தீர்மானிக்கிறது. மொழி விஷயத்திலும் அதுவே நடக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

அட்டவணை என்ன செய்யும்?

கணக்கெடுப்பில் மக்கள் சொல்லும் தாய்மொழிப் பெயர்களை முதலில் ஒழுங்குபடுத்துகிறார்கள். பிறகு 10,000 பேருக்கு மேல் பேசுவனவற்றை மொழிகளின் தலைப்பில் தொகுக்கிறார்கள். 2011-இல் இப்படி 121 மொழிகள் தேறின. நீலகிரியின் படுகு மொழி பேசுவோர் 1,33,550 பேர் கன்னடத்தின் கீழ் வந்தார்கள். போஜ்புரி பேசும் 5 கோடிக்கும் அதிகமானோர் இந்தியின் கீழ் வந்தார்கள். இந்தி என்று காட்டப்பட்ட ஏறத்தாழ 52.8 கோடியில் தம் தாய்மொழி இந்தி என்றே சொன்னவர்கள் 32.2 கோடிதான்.

அட்டவணை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு மைதிலி சாட்சி. முன்பு இந்தியின் கீழ் இருந்த மைதிலிக்கு 2003-ஆம் ஆண்டின் 92-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் எட்டாவது அட்டவணையில் இடம் கிடைத்தது. 1991-இல் அதைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 78 லட்சம், 2011-இல் 1 கோடியே 35 லட்சத்துக்கும் மேல்.  மதிப்பு கூடக் கூட மக்கள் துணிந்து உண்மையைச் சொன்னதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

சௌராஷ்டிரத்திலும் இதன் சாயல் உண்டு. 2001-இல் 1,85,420 ஆக இருந்த எண்ணிக்கை 2011-இல் 2,47,702 ஆனது. பத்து ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். தமிழ் என்று சொல்லி வந்த சில வீடுகள் இந்த முறை சௌராஷ்டிரம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. இது 1956-இல் சேர்க்கப்பட்டது. கேரளத்துத் தமிழர்களாகிய நமக்கும் துணை நிற்பது இதுவே. ஆனால் தனிமொழி என்று எண்ணப்படாத மொழிக்காகப் பாடநூல் கேட்டால், குஜராத்திப் பாடநூல்தான் இருக்கிறதே என்ற பதில் வரலாம். மதுரைக் குழந்தைக்கு அது எதற்கு உதவும்?

நியாயமாகச் சொன்னால், உள்வீட்டுச் சிக்கலும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொ. மு. ராமராய் சௌராஷ்டிர எழுத்துக்குப் புத்துயிர் தந்து பாடநூல்கள் அச்சிட்டார். அந்த எழுத்தே வேண்டும் என்பார் ஒரு சாரார். தேவநாகரி போதும் என்பார் மற்றொரு சாரார். தமிழ் எழுத்திலேயே சிறிய எண் குறிகளைச் சேர்த்து எழுதினால் எல்லோரும் படிக்கலாம் என்பார் இன்னொரு சாரார். எழுத்து எது என்று முடிவாகும் முன்பே படிக்க வேண்டிய தலைமுறைகள் கடந்துவிட்டன. 2008-இல் யூனிகோடு என்ற கணினி எழுத்துத் தரத்தில் சௌராஷ்டிர எழுத்துக்கு இடம் கிடைத்தது. சாகித்திய அகாதெமியும் அட்டவணையில் இல்லாத மொழிகளுக்கான தன் பாஷா சம்மான் விருதைச் சௌராஷ்டிர அறிஞர்களுக்கு 2006-இல் வழங்கியது. இலக்கியம் தனிமொழி என்கிறது, கணினியும் தனிமொழி என்கிறது, கணக்கு மட்டும் கிளை என்கிறது.

நம் பக்கம் திரும்பிப் பார்த்தால்

இப்போது நண்பர் என்னைக் குத்திய இடத்துக்கு வருகிறேன். மலையாளம் மிகப் பழங்காலத்தில் தமிழிலிருந்து பிரிந்து மாறிய கிளை என்று கால்டுவெல் 1856-இல் எழுதினார். மலையாள இலக்கணத்தின் பெரியவரான ஏ. ஆர். ராஜராஜவர்மாவும் 'கேரள பாணினீய'த்தில் கொடுந்தமிழிலிருந்தே மலையாளம் வந்தது என்றார். அதை மறுத்துப் பின்னால் வந்த அறிஞர்கள் பலர். இன்றைய தமிழும் இன்றைய மலையாளமும் ஒரு பழைய பொதுமொழியிலிருந்து வளர்ந்தவை என்பது அவர்கள் வாதம். அறிஞர்கள் பேச வேண்டியதை அறிஞர்கள் பேசட்டும். ஆனால் நான் டீக்கடையில் அந்த வாக்கியத்தைச் சொன்னது ஆராய்ச்சிக்காக அல்ல, என் மொழி மேலே என்று காட்டுவதற்காக. 2004-இல் தமிழுக்குச் செம்மொழித் தகுதி வந்தபோது மகிழ்ந்த நாம், 2013-இல் மலையாளத்துக்கு வந்தபோது முகம் சுளிக்கவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

இதே கத்தி நம்மையும் வெட்டியிருக்கிறது. இளமையில் பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தபோது நான் வாய் திறந்தால் உடன் இருந்தவர்கள் சிரிப்பார்கள். "இது தமிழா, மலையாளமா?" என்பார்கள். இங்கே திரும்பினால் 'பாண்டி' என்பார்கள். இந்தச் சாலைத் தமிழை வெட்கப்படாமல் இலக்கியத்தில் ஏற்றியவர் மறைந்த ஆ. மாதவன். இதே கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே சுமட்டுக்காரன் பேச்சையும் கடைக்காரன் பேச்சையும் கதையாக்கியவர். 2015-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர். இரணியல் செட்டிமார் வீட்டுத் தமிழில் நீல. பத்மநாபன் எழுதிய 'தலைமுறைகள்' 1968-இல் வந்தது. நம் பேச்சு தாழ்ந்ததல்ல என்று அவர்கள் காட்டிய பிறகுதான் எனக்கும் முதுகு நிமிர்ந்தது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2011 கணக்கில் தமிழர் 6 கோடியே 90 லட்சம் என்று நாம் பெருமைப்படுகிறோமே, அந்தத் தலைப்புக்குள்ளும் சிறு வரிகள் உண்டு. இருளர் மொழி அதில் ஒன்று, எருகலர் மொழி மற்றொன்று. இருளர் மொழியைத் தனித் திராவிட மொழி என்று கொள்ளும் மொழியியலார் உண்டு. குஜராத்தி வீட்டில் சௌராஷ்டிரம் எப்படியோ, நம் வீட்டில் அவை அப்படி. அவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த கணக்கெடுப்பு

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-ஆம் ஆண்டுக்கென்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. நண்பரிடம் கேட்டேன்: "இந்தத் தடவை என்ன சொல்லப் போறீங்க அண்ணாச்சி? எப்படியும் குஜராத்தியிலேதானே சேர்ப்பாங்க?"

"அவங்க எங்க வேணும்னாலும் வைக்கட்டும் சார். நான் சொல்லாம விட்டா அந்த ஒரு வரியும் இருக்காதே" என்றார்.

அவருடைய கவலை அட்டவணை மட்டும் அல்ல. பேத்தி பள்ளியில் படிப்பது மலையாளமும் ஆங்கிலமும். கடைக்கு வந்தால் தமிழ். பாட்டியிடம் மட்டும்தான் சௌராஷ்டிரம். பாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியைக் கடைக்கு அழைத்து வந்து வேட்டிக் கட்டுகளைச் சௌராஷ்டிரத்தில் எண்ணச் சொல்கிறார். போன வாரம் நானும் அருகில் இருந்தேன். இரண்டாவது கட்டில் வந்ததும் அந்தப் பெண் தயங்கி "ரெண்டு" என்றாள். தாத்தா தலையை ஆட்டினார். "தி" என்று திருத்திக்கொண்டாள்.

அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். கணக்கெடுக்க வருபவர் தாய்மொழி கேட்கும்போது, கௌரவம் பார்க்காமல் வீட்டில் பேசும் மொழியின் பெயரையே சொல்லுங்கள். தமிழானால் தமிழ், சௌராஷ்டிரமானால் சௌராஷ்டிரம். அடுத்த வீட்டுக்காரர் மொழியைப் பார்த்து 'எங்கள் மொழியின் கிளை' என்று சொல்ல நா எழும்போது ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். எதிர்க்கடை மலையாள நண்பரிடமும் அதைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு சாயா வாங்கிக் கொடுத்தார்.